ஆதரவு வைக்கிற இடம்

இடது குதிகால் நனைந்ததா. நனைந்தது. நனைந்திருக்கும். நனைந்த மாதிரிதான் இருந்தது. இந்த மூன்று பதிலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் கிடக்கிறது என்று ஊரில் வேறு யாருக்குத் தெரியுமோ தெரியாதோ, ஜெய்னம்புவுக்குத் தெரியும். ஐந்து வேளையும் அந்தத் தூரத்தை நடந்து தீர்க்கிறவள் அவள். முற்றத்துக் குழாயடியில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி, கழுத்தை ஒடித்துத் தன் குதிகாலைத் தானே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேரன் எடுத்த பெண்பிள்ளை செய்கிற காரியமா இது. குதிகால் என்னவோ ஈரமாகத்தான் மின்னியது. ஆனால் வெடிப்பு? பித்தவெடிப்பு விழுந்த கால் அது. மேலே மின்னினால் வெடிப்புக்குள்ளும் தண்ணீர் போனதாக அர்த்தமா. களிம்பு தடவினால் தண்ணீர் உள்ளே இறங்காது என்று பயந்து களிம்பை விட்டாள். களிம்பை விட்டதால் வெடிப்பு ஆழமாயிற்று. வெடிப்பு ஆழமானதும் சந்தேகமும் கூடவே ஆழமாயிற்று. தண்ணீர் போகாத இடம் ஒரு ஊசிமுனை இருந்தாலும், தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற ஒளு இல்லை, ஒளு இல்லையென்றால் தொழுகை இல்லை, தொழுகை இல்லையென்றால். அந்த இடத்தில் அவள் நினைப்பு எப்போதும் போல நின்றுவிட்டது. எதிரே கிழக்குச் சுவரில் வெயில் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. சுவரில் வெயில் ஏறுகிறது என்றால் மேற்கே சூரியன் இறங்குகிறது என்று பொருள். அந்த மஞ்சள் சுவரின் விளிம்பைத் தாண்டிவிட்டால் அந்தித் தொழுகையான மக்ரிப் வந்துவிடும், பிற்பகல் தொழுகையான அஸர் தவறிவிடும். பள்ளிவாசலில் பாங்கு சொன்ன கையோடு குழாயடிக்கு வந்தவள் இன்னும் குழாயடியில்தான் நிற்கிறாள். குழாயைத் திறந்தாள். பிஸ்மில்லாஹ். மறுபடி கையிலிருந்து. குதிகாலை மட்டும் கழுவினால் ஆகாதா என்று யாராவது கேட்கலாம். வஸ்வாஸ் பிடித்தவர்களுக்கு, அதாவது ஷைத்தான் காதுக்குள் சந்தேகத்தை ஊதிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு, அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. குதிகாலில் சந்தேகம் வந்தால் முழங்கைக்கும் அது பரவிவிடும்.

முகம் கழுவும்போதே சுபஹான் லெப்பையின் குரல் வந்துவிட்டது. வராமல் இருக்குமா. அவர் மவுத்தாகி எத்தனையோ வருஷம், ஆனால் இந்தக் குழாயைத் திறந்தால் தண்ணீருக்கு முன்னால் அவர் குரல்தான் விழும். பெண்கள் தைக்காவில் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மார்க்கம் சொல்லிப் பயான் செய்வார். ஆள் ஒல்லி, குரல் மட்டும் பெரிசு. அன்றைக்கு ஒளுவைப் பற்றிப் பேசினார். குதிகாலைச் சரியாகக் கழுவாமல் விடுகிறார்களே, அந்தக் குதிகால்களுக்கு நரக நெருப்பு இருக்கிறது பெண்டுகளே என்று அவர் இழுத்த இழுப்பில், கல்யாணமாகி ஆறு மாசமான ஜெய்னம்பு பாவாடைக்குள் கால் இரண்டையும் இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளெல்லாம் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மீன் கழுவினாள். இவள் மட்டும் குதிகால் கழுவினாள். அன்று பிடித்தது. லெப்பை அதோடு நிறுத்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும், முடிக்கும்போது அச்சமும் வேணும் ஆதரவும் வேணும், அல்லாஹ்வின் மீது ஆதரவு வையுங்கள் என்றுதான் முடித்தார். எப்போதும் அப்படித்தான் முடிப்பார். ஆனால் அந்த இடம் வரும்போது பெண்கள் எழுந்து துப்பட்டியை உதறிக்கொண்டிருப்பார்கள், செருப்பைத் தேடுவார்கள், கடைசி வார்த்தை யார் காதிலும் ஏறாது. ஆதரவு வைக்கிறதுன்னா என்ன. குர்ஆன் ஓதப்போன வயசில் அவளுக்கு அது பெரிய சந்தேகம். பூ வைக்கலாம், சோறு வைக்கலாம், அடுப்பில் உலை வைக்கலாம். ஆதரவை எங்கே வைப்பது, எந்த இடத்தில், எந்தக் கையால். ஓதிக்கொடுத்த ராத்தாவிடம் கேட்டதற்கு, வாயாடாம ஓதுடி என்று பதில் வந்தது. அச்சத்துக்கு யாரும் இடம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, அதுவாக வந்து குடியேறிக்கொண்டது. தெருவில் ஆட்டோ ஒன்று ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு போயிற்று. வார்டு தேர்தல். "தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் பொன்னான ஆதரவைச் சீப்புச் சின்னத்துக்குத் தாரீர்!" அல்லாஹ்வே, சீப்புக்குக்கூட ஆதரவு கேட்கிறான். எந்தக் கை வரைக்கும் கழுவினாள். வலது கை ஆயிற்றா. சீப்புக்காரன் கெடுத்துவிட்டான். மறுபடி முதலிலிருந்து.

உள்ளே கட்டிலிலிருந்து இருமல் கேட்டது. அபூதாஹிர் முழித்துவிட்டார். அவளைக் கட்டிய மாப்பிள்ளை. பஜாரில் செருப்புக்கடை வைத்திருந்தவர். ஊரிலுள்ள ஆணின் காலும் பெண்ணின் காலும் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவார், பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுகிறவரை. பயம் என்ற சரக்கே அவரிடம் கிடையாது. விடியல் தொழுகை சுபுஹு தவறிவிட்டதா, அசர மாட்டார். "அல்லாஹ் என்ன பள்ளிக்கூட வாத்தியாரா, பெரம்பைத் தூக்கிட்டு வாசல்ல நிக்கதுக்கு? மன்னிப்பான் புள்ள" என்று சொல்லிவிட்டு அல்வாத் துண்டை வாயில் போட்டுக்கொள்வார். இவர் ஒருத்தருக்கே அல்லாஹ் எல்லா ஆதரவையும் கொடுத்துவிட்டு எனக்கு அச்சத்தை மட்டும் அளந்து போட்டுவிட்டானே என்று அவள் நினைத்துக்கொள்வாள். அவருடைய தங்கச்சி, அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிறவள், ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "காக்காவையும் மதினியையும் ஒண்ணா மிக்சியில போட்டு அரைச்சா ஒரு நல்ல முஸ்லிம் கெடைப்பாரு." கல்யாண வீடே சிரித்தது. அபூதாஹிரும் சிரித்தார். இவளும் சிரித்துவிட்டு, சிரித்ததில் ஒளு முறிந்திருக்குமோ என்று போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. அவர்களுடைய ஷாபி மத்ஹபுச் சட்டப்படி மனைவியின் தோல் மாப்பிள்ளையின் தோலில் பட்டாலே இரண்டு பேருக்கும் ஒளு முறிந்துவிடும். மகள் தொடலாம், உம்மா தொடலாம், முறியாது. மனைவி தொட்டால் முறியும். முறிந்தால் என்ன, போய் இன்னொரு முறை கழுவிவிட்டு வருவார்கள் மற்றப் பெண்கள். ஒருமுறை கழுவவே பாதிப் பகல் ஆகிறவள் என்ன செய்வாள். "தொடாதிய, ஒளு இருக்கு" என்பது அவள் வாயில் ஸலாம் மாதிரி பழகிவிட்டது. வருஷக்கணக்காக அவர் நீட்டிய கையெல்லாம் அந்த வார்த்தையில் இடித்துத் திரும்பியிருக்கிறது. ஒருநாளும் கோபப்பட்டதில்லை. கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம்.

வாதம் வந்த பிறகு தொடாமல் முடியுமா. அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். நடுவில் துணி இருந்தால் ஒளு முறியாது. அடுப்படியில் சட்டி இறக்குகிற பிடிதுணியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அவர் கையைப் பிடிக்க அந்தத் துணி, புரட்டிப் படுக்கவைக்க அந்தத் துணி. முதல்நாள் அதைப் பார்த்துவிட்டு அவர், அப்போதுதான் நாக்கு கொஞ்சம் திரும்பியிருந்தது, இழுத்து இழுத்துச் சொன்னார்: "நான் என்ன... மீன்சட்டியா புள்ள? துணி வச்சு... எறக்குதே?" அதற்கும் அவரேதான் சிரித்தார், பாதி வாயால். இவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. நடை பழக்க வருகிற பிள்ளை, ஜெபராணி, தூத்துக்குடியிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவள், அவளும் துணியைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். "வாதம் வந்த பக்கமா நில்லுங்கம்மா. அவங்களைத் தூக்கக் கூடாது, சப்போர்ட் மட்டும் குடுக்கணும். வெறுங்கையால பிடிங்க, துணி வழுக்கும். அப்புறம் அங்கிள், நீங்க விரலை இழுத்துக்கிட்டே போறீங்க. குதிகால் முதல்ல. குதிகாலை முதல்ல ஊனணும்." குதிகால் என்று அவள் சொன்னதும் ஜெய்னம்புவுக்குத் திக்கென்றது. எங்கே போனாலும் குதிகாலா. ஜெபராணி சொன்னபடியே போன வாரம் நடந்தது. துணி வழுக்கி, கை நழுவி, அவர் தரையில் சப்பென்று உட்கார்ந்துவிட்டார். இடுப்பில் கத்திரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டியது. எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் நடக்கவில்லை. மகள் நஸ்ரின் சாயங்காலம் வந்து வாப்பா எழும்புங்க, நான் பிடிக்கேன் என்றால், நாளைக்குப் பார்ப்போம் என்பார். இன்னும் சில வாரம் இப்படியே கிடந்தால் கால் மரத்துவிடும், பிறகு கட்டில்தான் என்று ஜெபராணி இன்று காலையில் இவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனாள். நஸ்ரின் இன்று வரமாட்டாள், பேரனுக்குக் காய்ச்சல். இதோ, வலது கால். இடது கால். விரலிடுக்கு. குதிகால். தண்ணீர் வெடிப்புக்குள் போகிறபோது சுள்ளென்று எரிந்தது. எரிந்ததே! எரிந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்றுதானே அர்த்தம். சந்தேகமே இல்லை. ஜெய்னம்பு குழாயை மூடினாள். இப்படிச் சந்தேகமில்லாத ஒரு ஒளு கிடைத்து எவ்வளவு காலமாயிற்று. அதைத் தலையில் தண்ணீர்க்குடம் மாதிரி வைத்துக்கொண்டு, எதிலும் இடிக்காமல், யாரையும் உரசாமல் உள்ளே போனாள்.

தொழுகைப் பாயை, முஸல்லாவை, விரித்தாள். தொழுகைத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டாள். வாசல் நிலை வழியாகச் சுவர் தெரிந்தது, வெயில் சுவரின் கழுத்துவரை வந்திருந்தது. தொழுகையின் ஒரு சுற்று, ஒரு ரக்அத்து, சூரியன் மறையுமுன் கிடைத்தால் போதும், அஸர் கிடைத்த கணக்கு. ஆனால் இனிமேல்தான் இரண்டாவது வாசல். அல்லாஹு அக்பர் என்று வாய் சொல்கிற அதே நேரத்தில், அஸருடைய கட்டாயத் தொழுகையை, ஃபர்ளைத் தொழுகிறேன் என்று நெஞ்சும் நினைக்க வேண்டும். வாய் முந்தினால் நெஞ்சு பிந்தும், நெஞ்சு முந்தினால் வாய் பிந்தும், இரண்டும் சேர்ந்து வருகிற அன்று சீப்புக்காரன் ஆட்டோ வரும். அல்லாஹு அக்பர் என்கிற அந்த ஒரு தக்பீர் கட்டுவதற்கு அவள் திரும்பத் திரும்பச் சொல்வதைக் கட்டிலிலிருந்து அபூதாஹிர் எண்ணுவார். கேலிதான். "ஒண்ணு" என்பார். "ரெண்டு." "மூணு, இன்னும் வண்டி கெளம்பல." வாதத்துக்குப் பிறகும் அந்தக் கேலி மட்டும் படுக்கவில்லை. கையை உயர்த்தினாள். அல்லாஹு. அஸரா, நடுப்பகல் ளுஹரா. அஸர். கை இறங்கிவிட்டது. அவர் எண்ணவில்லை. ஏன் எண்ணவில்லை என்று காது பின்னால் போயிற்று. கட்டில் கிரீச்சிட்டது. பிறகு கட்டிலின் சத்தமில்லை, ஜன்னல் கம்பியில் மோதிரம் உரசுகிற சத்தம். திரும்பிப் பார்த்தாள். அபூதாஹிர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். தானாக. கட்டிலை விட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்து, ஜன்னல் முடிகிற இடத்தில் நின்றுவிட்டார். அதற்கு மேல் பிடிக்க ஒன்றுமில்லை. முற்றத்து வாசல்வரை வெறும் தரை. திரும்பிப் போகவும் கால் வரவில்லை. வலது முழங்கால் துடித்துக்கொண்டிருந்தது. "ஜெய்னம்பு" என்றார். புள்ள என்று கூப்பிடவில்லை. கேலியில்லாத அந்தக் குரலை அவள் இதற்கு முன் கேட்டதேயில்லை.

தோளில் துணி இருந்தது. துப்பட்டிக்குள் கை விட்டு அதை உருவிக்கொண்டு ஓடினாள், ஓடும்போதே ஒரு கண் சுவருக்குப் போயிற்று, வெயில் விளிம்புக்குக் கீழே ஒரு சாண். இந்த ஒளு போனால் இன்னொன்று கிடைக்காது. வெடிப்பு எரிந்து, சந்தேகம் ஒழிந்து, காலத்துக்கும் கிடைக்காத ஒளு. துணியை விரித்துக் கையில் சுற்றினாள். அவர் துணியைப் பார்த்தார். "அது வேண்டாம். வழுக்கும்" என்றார். உதடு கோணிக்கொண்டு வந்தது. "பயமா இருக்கு புள்ள." அபூதாஹிர் சொன்னார் அதை, அல்லாஹ் என்ன வாத்தியாரா என்று கேட்ட அபூதாஹிர். அவருடைய பயத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தன்னுடைய பயம் முகம் தெரிந்த ஆள் மாதிரி தெரிந்தது. ஓ, நீதானா. நீ இவரிடமும் வந்துவிட்டாயா. இவர் கால் தரையில் ஊன்றப் பயப்படுகிறது, என் கால் தண்ணீரில் பயப்படுகிறது. அவர் கண் இவள் துணியைத் தாண்டி இவள் உள்ளங்கையைத் தேடிக்கொண்டிருந்தது. விழுந்தால் இந்த முறை எலும்பு. விழாமல் பிடித்தால் போவது அஸர். அஸர் யாருடையது? அல்லாஹ்வுடையது. இந்தக் கை? அதுவும் அவன் போட்டுக் கொடுத்ததுதான். ஆதரவை எங்கே வைப்பது என்று கேட்ட சின்னப்பிள்ளை திடீரென்று உள்ளேயிருந்து தலையை நீட்டியது. வைக்கிறதுக்கு ஒரு இடமா கேட்டே. கையை விட்டால் வேறு எங்கே. சாய்கிறவன் சாய்வதற்குத் தோதாக ஒன்று அசையாமல் நிற்குமே, அதன் மேல் பாரத்தை வைப்பதற்குப் பெயர்தான் அது, ஜெபராணி சப்போர்ட் என்றதும் அதுதான், லெப்பை சொன்னதும் அதுதான், நாற்பது வருஷமாக நான் அவன் மேல் பாரத்தை வைக்காமல் என் குதிகால் மேல் வைத்துக்கொண்டிருந்தேன். துணி கீழே விழுந்தது. அவள்தான் போட்டாள். வெறுங்கையால் அவர் கையைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது, செருப்புக்கடைத் தோல் வாசனை இன்னும் போகாத கை. ஒளு முறிந்தது. வானம் இடியவில்லை.

"எம்மேல ஆதரவு வையுங்க" என்றாள். பயந்துபோய் நின்ற அந்த மனுஷர், பாதி வாயால், "எந்த வார்டுல... நிக்கே?" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, நடுங்கிக்கொண்டே சிரித்தார்கள், சிரிப்பில் அவர் கால் எழும்பியது. "குதிகால் முதல்ல" என்றாள். யார் சொல்வது பாருங்கள். வலது கால் காற்றில் தயங்கி, விரல் கீழே வரப் பார்த்து, "குதிகாலு, குதிகாலு" என்று அவள் கத்த, தப்பென்று குதிகால் தரையில் விழுந்தது. அழுத்தமாக, முழுசாக. அந்தச் சத்தம் அவள் நெஞ்சுக்குள் போய் விழுந்தது. குதிகால் என்றால் நெருப்பு என்று மட்டும் தெரிந்தவளுக்கு, ஒரு மனிதன் குதிகாலை ஊன்றி எழுந்து நடக்கவும் செய்வான் என்று இன்றுதான் தெரிகிறது. இன்னொரு தப். இன்னொன்று. அவள் தூக்கவில்லை, இழுக்கவில்லை, கூட நின்றாள், அவ்வளவுதான். முற்றத்து நாற்காலியில் அவர் போய் உட்கார்ந்தபோது கடை திறந்த முதல் நாளில் பார்த்த முகத்தை மறுபடி பார்த்தாள். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. அவர் கை இன்னும் அவள் கையை விடவில்லை. அவள்தான் விடவேண்டியிருந்தது. விடும்போது அவர் சுவரைப் பார்த்தார். ஓட்டு விளிம்பில் விரல் அகலத்துக்கு மஞ்சள். "இன்னும் இருக்கு புள்ள, ஓடு! அஸர் போயிரப் போவுது!" என்று கத்தினார். தொழுகைக்கு அவளை அவர் விரட்டுவது இதுதான் முதல் தடவை. அவளுக்கும் பயம் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பயந்துதான் ஓடினாள், நேரம் தவறிவிடுமே என்று பயந்து, முந்தானை வாசல் நிலையில் மாட்டிக் கிழிய, குழாயடிக்கு ஓடினாள்.

பிஸ்மில்லாஹ். கை, வாய், மூக்கு, முகம். தண்ணீருக்கு முன்னால் லெப்பையின் குரல் வந்தது, வரட்டும், இந்த முறை அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையையும் சேர்த்து வந்தது. முழங்கை. தலை. வலது கால். இடது கால். கையால் குதிகாலை ஒரு தேய்ப்புத் தேய்த்துத் தண்ணீரை ஊற்றினாள். எரிந்ததா? தெரியவில்லை. நனைந்ததா. நனைந்தது. நனைந்திருக்கும். கழுத்து பழக்கத்தில் வளையப் பார்த்தது. வளைக்கவில்லை. கழுவ வேண்டியது என் கை, ஏற்றுக்கொள்ள வேண்டியது அவன் என்று குழாயை மூடினாள். குழாய் கொஞ்சம் சொட்டிக்கொண்டே இருந்தது, அதையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஈரக்காலோடு முஸல்லாவில் வந்து நின்றாள், சுவரில் வெயில் நூல் மாதிரி நின்றது. கையை உயர்த்தினாள். வாய் முந்தினதா, நெஞ்சு முந்தினதா. இரண்டும் அவனிடம்தானே போகின்றன, யார் முந்திப் போனால் என்ன. அல்லாஹு அக்பர். "ஒண்ணு" என்றது முற்றத்திலிருந்து அபூதாஹிரின் குரல். எண்ணிவிட்டு அவர் காத்திருந்தார். அவர் காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஃபாத்திஹா ஓடிக்கொண்டிருந்தது, சூரா ஓடியது, அவள் ருகூவில் குனிந்தாள், நிமிர்ந்தாள், ரெண்டு வரவேயில்லை. முற்றத்தில் பெரிதாக ஒரு அல்ஹம்துலில்லாஹ் கேட்டது, தெருமுனைவரை கேட்டிருக்கும், சீப்புக்காரன் ஒலிபெருக்கி என்ன ஒலிபெருக்கி. ஜெய்னம்பு சுஜூதுக்குப் போனாள். நெற்றி தரையில் பட்டது. அவளுடைய இரண்டு குதிகாலும் ஈரத்தோடு, வெடிப்போடு, அவள் முதுகுக்குப் பின்னால் வானத்தைப் பார்த்து நின்றன. அங்கேயிருந்து அவளால் அவற்றைப் பார்க்க முடியாது. பார்த்துக்கொள்கிறவன் பார்த்துக்கொள்வான்.